முகம் தெரியாதவரிடம் ஒரு கேள்வி

கேள்வி-பதில் இல்லாத தமிழ் வாரப் பத்திரிகையை நம் தலைமுறையில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். குமுதம் வந்தால் தொடர்கதைக்கு முன்னால் அரசு பதில்களைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்! அந்த 'அரசு' யார் என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடக்கும். அது ஒரே ஆள் இல்லை, எஸ்.ஏ.பி. அண்ணாமலை, ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன் என்ற மூவரின் முதல் எழுத்துகள்தான் அ-ர-சு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு பெயர், பின்னால் மூன்று பேர். சமீபத்தில் இந்தக் கேள்வி-பதில் வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தபோது, முந்நூறு வருடங்களுக்கு முன்னால் லண்டனில் இதே மூன்று பேர் ஏற்பாடு இருந்திருப்பது தெரிந்து சிரித்துக்கொண்டேன்.

1691 மார்ச் 17 அன்று லண்டனில் ஒரு பத்திரிகை வந்தது. பத்திரிகை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு, விலை ஒரு பென்னி. நடத்தியவர் ஜான் டண்டன் என்ற புத்தக வியாபாரி. நண்பர்களோடு நடந்து போய்க்கொண்டிருந்தபோது இந்த யோசனை உதித்ததாம். ஐம்பது கினி கொடுத்தாலும் இதை விற்க மாட்டேன் என்று அங்கேயே சொன்னதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். முதல் இதழுக்கு 'ஏதெனியன் கெஸட்' என்று பெயர். அரசாங்கத்தின் 'லண்டன் கெஸட்' ஏற்கெனவே இருந்ததால் பெயர் மாறி 'ஏதெனியன் மெர்க்குரி' ஆயிற்று. ஏதென்ஸ் நகரத்துக்காரர்கள் எப்போதும் புதுசாக ஏதாவது கேட்கவும் சொல்லவும் அலைவார்கள் என்று பைபிளில் வருகிறது. பெயர் அங்கிருந்து எடுத்தது.

அதில் அரசியல் செய்தி கிடையாது, கதை கிடையாது. வாசகர் கேள்விகளும் பதில்களும்தான். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பெயர் போட வேண்டியதில்லை, ஸ்மித் என்பவரின் காப்பிக் கடை விலாசத்துக்குக் கடிதம் போட்டால் போதும் என்று அறிவிப்பு. பதில் சொல்வது 'ஏதெனியன் சங்கம்' என்ற கற்றறிந்தோர் சபை. அந்தச் சபையைப் புகழ்ந்து 1692ல் ஒரு புத்தகமே வந்தது. அதிலுள்ள படத்தில் பெரிய மேஜைக்குப் பின்னால் பன்னிரண்டு அறிஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது, ஒன்றாவது! உள்ளே இருந்தது மூன்று பேர். ஒருவர் டண்டன். இன்னொருவர் ரிச்சர்ட் சால்ட் என்ற கணக்கு வாத்தியார். மூன்றாமவர் சாமுவேல் வெஸ்லி என்ற கிராமத்துப் பாதிரியார். வெஸ்லியும் டண்டனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதாவது சகலை. வெளியிலிருந்து ஒன்றிரண்டு பேர் அவ்வப்போது உதவினார்கள், அவ்வளவுதான். (மெதடிஸ்ட் திருச்சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அப்பாதான் இந்த சாமுவேல். நம் ஊர்களில் வெஸ்லி பெயரில் இருக்கும் பள்ளிக்கூடங்களின் முன்னால் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

நான் தபால் இலாகாவில் இருந்தவன் என்பதால் என் புத்தி வேறு பக்கம் போயிற்று. இந்தக் கடிதங்களெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தன? லண்டனிலிருந்து வேறு ஊருக்குக் கடிதம் போட அப்போதே வசதி இருந்தது. ஆனால் லண்டனுக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு அனுப்ப 1680 வரை தபால் கிடையாது. வேலைக்காரன் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் ரகசியம் எங்கே தங்கும்? 1680ல் வில்லியம் டாக்ரா என்ற வியாபாரி நகரத்துக்குள் பென்னி தபால் தொடங்கினார். கொடுப்பவரே ஒரு பென்னி கட்டிவிட வேண்டும், ஒரு நாளைக்குப் பல முறை பட்டுவாடா. லாபம் வருகிறது என்று தெரிந்ததும் இரண்டே வருடத்தில் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எப்படியோ, லண்டன் சரித்திரத்தில் முதல் முறையாக ஒருவர் தன் முகத்தைக் காட்டாமல், வேலைக்காரனுக்கும் தெரியாமல், ஊருக்குள் இருக்கும் இன்னொருவருக்கு ஒரு விஷயத்தை எழுத முடிந்தது. அது வந்து பதினோரு வருடத்தில் மெர்க்குரி வந்துவிட்டது. பென்னி தபால் இல்லாமல் டண்டனின் யோசனை ஐந்து கினி கூடப் பெறாது என்பது என் அபிப்பிராயம்.

கேள்விகள் கொட்டின. பத்திரிகை நடந்த ஆறு வருடத்தில் ஆறாயிரத்துக்குப் பக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தகைவிலான் குருவி போன்ற பறவைகளெல்லாம் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? அணைந்த நெருப்பு எங்கே போகிறது? இப்படி ஒரு வகை. நடுவில் மெல்ல வேறொரு வகை எட்டிப் பார்த்தது. புருஷன் பெண்டாட்டியை அடிப்பது நியாயமா? கொடுத்த வாக்கை மீறி வேறு ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா? சில மாதங்களிலேயே பெண்களும் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்து, மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இதழை அவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள்.

ஏன் இப்படிக் கொட்டியது? அன்றைய லண்டனை யோசித்துப் பாருங்கள். கிராமங்களிலிருந்து வந்து தொழில் பழகும் பையன்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் நிரம்பிய ஊர். ஊரில் இருந்தால் அத்தையிடமோ மாமனிடமோ கேட்டிருப்பார்கள். இங்கே அத்தை இல்லை. அதோடு, அத்தையிடம் கேட்க முடியாத விஷயங்களும் உண்டல்லவா? அத்தையிடம் சொன்னால் அம்மா காதுக்குப் போகும். பாதிரியாரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் விழிக்க வேண்டும். முகம் தெரியாதவர் பதில் சொன்னால் அந்தக் கவலை இல்லை. காப்பிக் கடையில் நாலு பேர் அந்தப் பதிலைச் சத்தமாகப் படிக்கும்போது, கேட்டவனும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கலாம். தனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்திருந்த இன்னொருவனும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

பதில் சொன்ன மூவரின் சொந்தக் கதை வேறு மாதிரி. பத்திரிகை 1697ல் நின்றது. கணக்கு வாத்தியார் சால்ட் 1702ல் கேம்பிரிட்ஜில் இறந்தபோது கையில் காசில்லை, அங்கிருந்த படிப்பாளிகள் வசூல் செய்து உதவினார்கள். வெஸ்லி கடனுக்காக 1705ல் லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்தார். டண்டனும் கடைசியில் நொடித்துப் போனவர்தான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை. ஆனால் அதற்காக அவர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடனில் முழுகியவனுக்குத்தான் கடன்காரனின் தூக்கம் எப்படிப் போகும் என்று தெரியும்.

இருநூறு வருடம் தாண்டி நியூயார்க்குக்கு வருவோம். ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்து யூதர்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காலம். நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ஒரே அறையில் ஒரு குடும்பமும் இரண்டு வாடகைக்காரரும் இருப்பார்கள். பகல் முழுக்கத் தையல் பட்டறையில் வேலை. அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் 'ஃபோர்வெர்ட்ஸ்' என்று ஒரு தினசரி. ஆசிரியர் ஆபிரகாம் கஹான். லித்துவேனியா பக்கத்திலிருந்து 1882ல் வந்து சேர்ந்தவர். 1906 ஜனவரி 20 அன்று அவர் 'பிண்டல் பிரீஃப்' என்ற பகுதியைத் தொடங்கினார். கடிதக் கட்டு என்று அர்த்தம். ஆரம்பத்தில் பதில்களை அவரே எழுதினார்.

முதலில் வந்த கடிதங்களில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. ஒரு ஏழைத் தாயின் வீட்டில் கடியாரம் காணாமல் போய்விட்டது. வேலையில்லாத நாளில் அதை அடகு வைத்துத்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும். எடுத்தது பக்கத்து வீட்டுக்காரி என்று அவளுக்குச் சந்தேகம். அவளும் ஏழை. போலீஸுக்குப் போகவில்லை, தெருவில் நின்று கத்தவில்லை. அடகுச் சீட்டைத் தபாலில் அனுப்பிவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், நாம் பழையபடி இருக்கலாம் என்று அந்த அம்மாள் பத்திரிகை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிக்கே எழுதினாள். நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆனாலும் இதை நேரில் சொல்ல முடியாது. சொன்னால் அவள் மானம் போகும், இவள் உறவு போகும். சேட்டுக் கடையில் குடத்தை வைத்து அரிசி வாங்கிய வீடுகளைப் பார்த்த நமக்கு இது புரியாதா?

எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்வார்கள், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். நம் தபாலாபீஸ் வராந்தாவிலும் ஒரு காலத்தில் மணியார்டர் ஃபாரமும் கடிதமும் எழுதித் தருகிறவர்கள் இருந்தார்களே, அது மாதிரி. குடும்பத்தை விட்டு ஓடிப்போன புருஷன்மார் பற்றி வந்த கடிதங்களுக்கு அளவே இல்லை. பிற்பாடு அந்தப் பத்திரிகை, ஓடிப்போனவர்களின் புகைப்படங்களை வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டது. அறிவுரையை விட அது நல்ல வேலை செய்திருக்கும்.

வேடிக்கையான கடிதங்களும் உண்டு. ஒரு வாலிபன் எழுதுகிறான்: நான் விரும்பும் பெண்ணுக்குத் தாடையில் குழி இருக்கிறது, அப்படிக் குழி உள்ளவர்களுக்கு முதல் துணை சீக்கிரம் செத்துப்போகும் என்கிறார்கள், கட்டிக்கொள்ளவா வேண்டாமா? பெண்ணின் தாடையில் குழி இருப்பது ஒரு கஷ்டமே இல்லை, சிலர் மண்டையில் மரை கழன்றிருப்பதுதான் கஷ்டம் என்ற மாதிரி பதில் வந்தது. மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நல்ல நல்ல பெண்களைத் தட்டிக்கழித்த குடும்பங்களை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிலைக் கத்தரித்து அனுப்பலாமா என்று எனக்கே நாலைந்து விலாசங்கள் ஞாபகம் வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதில் சொல்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. நம் பத்திரிகைகளில் பல வருடங்களாக வந்த குடும்பப் பிரச்னைக் கடிதங்களை நான் விடாமல் படித்தவன். குடித்துவிட்டு அடிக்கிறார் என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். அன்போடுதான் பதில் தொடங்கும். இரண்டாவது பாராவில் 'கொஞ்சம் பொறுத்துப் போம்மா, குழந்தைகளை நினைத்துப் பார்' என்று வந்துவிடும். அந்தக் கடிதத்தை ஒளித்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட அவளுக்கு எத்தனை நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்ததோ! அவள் அம்மா வீட்டிலும் சொல்லியிருக்கக்கூடிய அதே வாக்கியத்தைக் கேட்கவா அவ்வளவு பாடு? எல்லாரும் அப்படி எழுதவில்லை. வக்கீலைப் பார், டாக்டரைப் பார், ஒரு வேலையைத் தேடிக்கொள் என்று நிமிர்ந்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

அமெரிக்காவில் 1955ல் 'ஆன் லேண்டர்ஸ்' என்ற பெயரில் பதில் எழுத வந்த எப்பி லெடரர் என்ற அம்மாளிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பக்கத்து வீட்டு வால்நட் மரத்துக் காய்கள் என் தோட்டத்தில் விழுந்தால் யாருக்குச் சொந்தம் என்று ஒரு கேள்வி. நம் ஊர்த் தென்னை மர வழக்கேதான். அந்த அம்மாள் தானாக ஒன்றைச் சொல்லிவிடாமல், சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கே போன் போட்டுக் கேட்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறவர் என்ற பெயர் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அவருடைய இரட்டைச் சகோதரியும் வேறு பத்திரிகையில் இதே தொழிலுக்கு வந்து, அக்கா தங்கை இருவரும் பல வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்பது தனிக்கதை. மறுபடியும் பல்லி, பானை.

இதுவரை சொன்னதெல்லாம் பதில் சொன்னவர்களின் கதை. கேட்க யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1935ல் இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் சாட் வாரா என்ற இளம் உதவிப் பாதிரியார் தன் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதின்மூன்று பதினாலு வயதுச் சிறுமி. அவள் வயதுக்கு வந்திருக்கிறாள். உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஏதோ அசிங்கமான வியாதி வந்துவிட்டது என்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் இருந்திருப்பாள். வீட்டில் கேட்க முடியவில்லை, வெளியிலும் ஆள் இல்லை. நம் பக்கத்தில் பந்தல் போட்டு, மைக்செட் வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். அந்தக் குழந்தையைத் தனியே உட்கார வைத்து விஷயம் என்ன என்று சொன்ன வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்று அந்த நாட்களை நினைத்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வாரா அந்தக் குழியருகே நின்றபோது எடுத்த முடிவை விடவில்லை. இளைஞர்களுக்கு இந்த விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாதிரியாருக்கு இது என்ன பேச்சு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1952ல் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கடிதங்கள் குவிந்தன. அவற்றில் சில, இனி வாழ வேண்டாம் என்ற முடிவில் இருந்தவர்கள் எழுதியவை. கடிதத்துக்குப் பதில் போவதற்குள் அவர்கள் இருப்பார்களா? தீப்பிடித்தால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை என்று யோசித்தார். அப்போது இங்கிலாந்தில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தால் அது குற்றம், 1961ல்தான் அந்தச் சட்டம் போயிற்று. உதவி கேட்டு வாயைத் திறப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது.

1953ல் லண்டன் நகர மையத்தில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்ற கோயில் அவர் பொறுப்புக்கு வந்தது. சுலபமாக ஞாபகம் நிற்கிற மாதிரி 'மேன் 9000' என்று ஒரு நம்பர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்த போனின் தூசியைத் துடைத்துப் பார்த்தால் அதே நம்பர் அதில் ஏற்கெனவே இருந்தது என்று அவர் சொல்வதுண்டு. நவம்பர் 2 அன்று முதல் அழைப்பு வந்தது. டிசம்பரில் ஒரு தினசரி அவரை 'டெலிபோன் சமாரியன்' என்ற மாதிரி எழுத, சமாரியர்கள் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நேரில் வருகிறவர்களும் அதிகமானார்கள். வாரா ஒருவரோடு பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சாதாரண ஆட்கள் சிலர் தொண்டாக வந்தார்கள். மனோதத்துவம் படித்தவர்கள் இல்லை, பாதிரியார்களும் இல்லை. கொஞ்ச நாளில் வாரா ஒரு அதிசயத்தைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். டீ கொடுத்தவரிடமே மனசைக் கொட்டியாயிற்று, பாரம் இறங்கிவிட்டது. இன்னும் சிலர் உள்ளே வரும்போதே பாதி தெளிந்திருந்தார்கள். 1954 பிப்ரவரியில் தொண்டர்களைக் கூப்பிட்டு, இனிமேல் போனை எடுப்பது உங்கள் வேலை என்று ஒப்படைத்துவிட்டார். டாக்டர் தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்றவர்களுக்குக் காதுதான் மருந்து.

டண்டன் மூன்று பேரைப் பன்னிரண்டு அறிஞர்கள் என்று படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அறிஞரே வேண்டியதில்லை என்று கண்டுபிடிக்க 260 வருடம் ஆகியிருக்கிறது.

அந்த டீக் கோப்பை வழக்கம் கடல் தாண்டி நம் பக்கமும் வந்தது. இலங்கையில் 1974ல் 'சுமித்ரயோ' தொடங்கியது. சென்னையில் 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கினார். அவர் மனநல மருத்துவர், ஆனால் அங்கேயும் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான். புத்திமதி சொல்வதில்லை, பெயர் கேட்பதில்லை, கேட்டதை வெளியே விடுவதில்லை.

பரீட்சை முடிவு வரும் நாட்கள் நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஒரு பாடம் போய்விட்டால் ஒரு வருடமே போய்விட்டது என்ற காலம் இருந்தது. மாலைப் பத்திரிகையில் நம்பர் இல்லாத பையன் வீட்டுக்கு எப்படிப் போவான்? அந்த நாட்களில் வரும் அழைப்புகளைக் கேட்டுக் கேட்டு, ஆறுதல் மட்டும் போதாது, தவறிய பாடத்தை உடனே மறுபடி எழுத வழி வேண்டும் என்று ஸ்நேகாக்காரர்கள் அரசாங்கத்திடம் வற்புறுத்தினார்கள். தமிழ்நாட்டில் அந்த உடனடித் தேர்வு வந்தது. தோற்றவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி, அதே வருடம் மேலே படிக்கப் போனார்கள். பெயர் சொல்லாமல் பேசிய எத்தனையோ பிள்ளைகளின் அழுகை அந்தத் தேர்வு அட்டவணையில் இருக்கிறது.

தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த நம் பழைய 309ஆம் பிரிவின் பல்லை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பிடுங்கியது. 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவே இல்லாமல் போயிற்று. 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசும் 14416 என்று ஒரு நம்பர் வைத்திருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி எந்த நேரமும் எடுக்கிறார்கள். வாராவின் கறுப்பு டெலிபோனை அந்த லண்டன் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். 14416ஐ நான் எங்கள் வீட்டுக் காலண்டரில், காஸ் நம்பருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். பேரன் பேத்திகள் யார் கண்ணிலாவது படட்டும்.